தீவிரவாத ஐயத்துக்குள்ளான விடுதிப் பள்ளியை இந்தோனேசியா ஏன் மூடவில்லை?

202 பேர் பலியான 2002 பாலி குண்டுவெடிப்பின் குற்றவாளிகளுள் ஒருவரான முக்லாஸ் படித்ததும், ஜெமா இஸ்லாமியா என்னும் தீவிரவாத அமைப்பின் தலைவராகக் கருதப்பட்ட மதகுரு அபூபக்கர் பஷீர் சிலரோடு சேர்ந்து 1972-இல் நிறுவியதுமான மத்திய ஜாவாவின் நுருக்கியிலுள்ள அல்-முக்மின் பள்ளி எப்படி இன்றும் இயங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தோனேசிய அரசு நிறுவனத்தை விட்டுவிட்டு, குற்றம் புரிந்த தனிமனிதர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஆச்சே மாகாணத்தில் ஆயுதப் பயிற்சி முகாமுக்கு உதவியதற்காக பஷீருக்கு 2011-இல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கு மாறாக மலேசியா, அதே அமைப்போடு தொடர்புடையதாய் ஜொகூரிலிருந்த லுக்மானுல் ஹக்கீம் பள்ளியை மூடியது. ஆனால் அதனோடு தொடர்புடைய நூர்தின் டாப் இந்தோனேசியாவுக்குத் தப்பிச் சென்று அங்கே தாக்குதல்களை நடத்தியதைப் பார்க்கும்போது, கதவைப் பூட்டுவதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

ஒருகாலத்தில் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த அல்-முக்மினில், 2022 ஆகஸ்ட் 17 அன்று அமைச்சர் ஒருவர் முன்னின்று நடத்திய சுதந்திர தினக் கொடியேற்றத்தில், விடுதலையாகியிருந்த பஷீரும் கலந்துகொண்டார்.