வாய்க்குத்தகையில் வைத்த தென்னை

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அம்பாசமுத்திரம் வந்தேன். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று இரண்டு பை துணியோடு வந்தவன். அடுத்த வருடம் ஒரு மீட்டிங்கில் எங்கள் பெரிய அதிகாரியே, "இனிமேல் வேலைதான் முக்கியம், இடம் முக்கியமில்லை" என்றார். அதை நம்பி வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்தோம். இங்கே அப்பா வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்தேன், லோன் ஓடுகிறது. 2022இல் புது லேப்டாப்பைக் கம்பெனியே இந்த முகவரிக்குக் கூரியரில் அனுப்பியது. மனைவிக்கு உள்ளூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. மகள் ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது.

இப்போது மெயில் வந்திருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேரியபிள் பே என்ற ஊக்கத்தொகை கிடையாது, ரேட்டிங்கிலும் பார்ப்பார்களாம். இத்தனை வருடத்தில் என்னால் ஒரு டெலிவரி கூடத் தாமதமானதில்லை. என் டீமில் இரண்டு பேர் புனே, ஒருவர் ஹைதராபாத், கிளையன்ட் அமெரிக்கா. சென்னையில் போய் உட்கார்ந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே கால்தான். மாமனாரோ, "ஆபிசுக்குப் போகாம சம்பளம் வாங்குனா எத்தன நாளைக்கு விடுவான்" என்கிறார். நாங்கள் பேராசைப்படுகிறோமா? உண்மையில் அலுவலகம் என்ற ஒன்று இனி எதற்கு?

ச.,
அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள ச.,

உங்கள் மாமனார் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் அவர் தலைமுறைதான். இருபத்தாறு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தேகாலுக்கு சூப்பரிண்டெண்ட் சிவப்பு மையில் கோடு போட்டுப் பதிவேட்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். மூன்று நாள் தாமதமானால் ஒரு தற்செயல் விடுப்பு போச்சு. அந்தக் கோட்டுக்கு முன்னால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நாற்காலி முதுகில் துண்டைப் போர்த்திவிட்டு, டீக்கடை வழியாகச் சொந்த வேலைக்குப் போய்விடும் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். யாராவது தேடி வந்தால், "துண்டு இருக்கே, இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்போம். இன்றைக்கு உங்கள் துறையில் கார்டைத் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டு, பதினோரு மணிக்கு வீட்டுக்கு வண்டியைத் திருப்புகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும்.

வீட்டிலிருந்தால் வேலை நடக்குமா என்று கேட்டால், அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் பெருந்தொற்றுக்கு வெகு முன்பே. சீனாவில் சீட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம். 2010இல் அதன் ஷாங்காய் கால் சென்டரில் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்களைத் திரட்டி, பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், மற்றவர்களை அலுவலகத்திலேயே வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் ஒன்பது மாதம் கணக்கெடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 விழுக்காடு கூடியிருந்தது. அதில் பெரும்பங்கு, இடைவேளையும் உடம்பு சரியில்லாத நாட்களும் குறைந்ததால் வந்தது.

எனக்கு அதில் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் நடந்தது. சோதனை முடிந்ததும், வீடா அலுவலகமா, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சோதனையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இடம் மாறினார்கள். வீட்டிலிருந்தவர்களில் பலர் தனிமை தாங்கவில்லை என்று தாங்களாகவே அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். அப்படி அவரவர் தேர்ந்தெடுத்த பிறகு 13 விழுக்காடாக இருந்த பலன் 22 ஆயிற்று.

அதே நிறுவனத்தில் ப்ளூம் மறுபடியும் ஒரு சோதனை செய்தார். இந்த முறை 1,612 பேர், வாரத்தில் இரண்டு நாள் வீடு. முடிவு 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வேலையின் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வேறுபாடு இல்லை. ஆனால் பேப்பர் போட்டு வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனார்கள், அதிலும் பெண்களும் நெடுந்தூரம் பயணம் செய்கிறவர்களும். தொடங்கும்போது மேலாளர்களைக் கேட்டதில், உற்பத்தி சராசரியாக 2.6 விழுக்காடு குறையும் என்றிருக்கிறார்கள். முடிந்தபின் கேட்டால் 1 விழுக்காடு கூடும் என்றார்கள்.

இதையெல்லாம் அச்செடுத்து ஹெச்ஆர் மேசையில் வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். பொறுங்கள். பின்னதில் வீட்டிலிருந்தது இரண்டு நாள்தான். 2010 சோதனையிலும் வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் அலுவலகம் வந்தார்கள். நீங்கள் கேட்பது அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஐந்து நாளும். அவர்கள் பக்கம் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் இதை உடனே சுட்டிக்காட்டுவார். சரி, அப்படியே நீங்கள் வாதத்தில் ஜெயித்தாலும் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் உற்பத்தியை அளந்து பார்த்துவிட்டு யாரும் இந்த உத்தரவைப் போடவில்லை.

டிசிஎஸ் என்ற பெரிய ஐடி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் பொதுவெளியில் இருப்பது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த அந்த நிறுவனம், 2025க்குள் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் ஒரு நேரத்தில் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்தது. 25க்கு 25 என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 2022 செப்டம்பர் காலாண்டில் அங்கே வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 21.5 விழுக்காடு. எல்லா நிறுவனங்களும் ஆளுக்கு அலைந்த காலம். வீட்டிலிருந்து வேலை என்பது ஆபர் லெட்டரோடு சேர்த்துக் காட்டும் மிட்டாயாக இருந்தது. 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வா என்றார்கள். 2024 மார்ச்சில் அந்த விகிதம் 12.5க்கு இறங்கியிருந்தது. அடுத்த மாதமே, காலாண்டு வேரியபிள் பே முழுதாக வேண்டுமென்றால் 85 விழுக்காடு வருகை இருக்க வேண்டும் என்ற விதி செய்தியாக வந்தது. வெளியே போனால் வேறு வேலை கிடைக்கும் என்று ஊழியருக்கு நம்பிக்கை இருந்த வரை இடம் முக்கியமில்லை. அது குறைந்ததும் இடம் முக்கியமாகிவிட்டது. காணொலிச் சந்திப்புகளால் கொழித்த ஜூமே 2023இல், ஐம்பது மைலுக்குள் இருக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் அலுவலகம் வரச் சொன்னது என்பதைப் படித்தபோது எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டோம்.

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் நிறுவனங்களுக்கு வேலை மண்டலத்துக்குள் நடக்க வேண்டும் என்பதே பழைய கணக்கு, வரிச்சலுகை அதற்குத்தான். 2022 ஜூலையில்தான் விதியைத் திருத்தி, பாதிப் பேர் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அரசு அனுமதித்தது. கட்டடக் குத்தகைகளும் பல வருடத்துக்கு எழுதப்பட்டவை. ஆனால் உங்களுக்கு வந்த மெயிலில் இதில் எதுவும் இருந்திருக்காது. 'கலாச்சாரம்', 'ஒத்துழைப்பு' என்று இரண்டு பத்தி இருந்திருக்கும்.

குத்தகை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆற்றங்கரையில் இருந்த கொல்லையைத் தாத்தா ஒருவருக்கு வாய்க்குத்தகைக்கு விட்டிருந்தார். காகிதம் கிடையாது, வருடத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. வாழை போட்டுக்கொள் என்றுதான் சொன்னாராம். அவர் இரண்டு வருடம் வாழை போட்டார். மூன்றாம் வருடம் தென்னங்கன்று வைத்தார். வாழை ஒரு வருடப் பயிர், தென்னை காய்க்கவே ஐந்தாறு வருடமாகும். கன்று வைத்தபோது தாத்தா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வைக்காதே என்று சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. தாத்தா போன பிறகு பெரியப்பா கொல்லையைத் திருப்பிக் கேட்டார். அப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருந்தது.

அது வழக்காகவில்லை, ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு வாழைக்கும் தென்னைக்கும் நடுவில் ரொம்ப நேரம் சுற்றியது. கடைசியில் ஒரு பெரியவர் பெரியப்பாவைப் பார்த்து, "கன்னு வச்சப்ப ஒங்க அப்பா பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு?" என்று கேட்டார். மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் கொடுத்த பிறகுதான் கொல்லை எங்கள் கைக்கு வந்தது. சாகுபடி செய்கிற குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று 1955இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொரு சட்டம். அந்தச் சட்டங்கள் பின்னணியில் இருந்ததால்தான் பெரியப்பாவும் உட்கார்ந்து பேசச் சம்மதித்தார் என்று பின்னால் புரிந்தது.

உங்களிடம் சொல்லப்பட்டதும் வாய்க்குத்தகைதான். ஆபர் லெட்டரில் பணியிடம் சென்னை என்று இருக்கும், அதை யாரும் திருத்தித் தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாழைக்குக் கொடுத்த கொல்லையில் தென்னை வைத்தீர்கள்: மாடியில் அறை, மனைவியின் வேலை, மகளின் பள்ளி. ஆனால் கம்பெனியும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தது. லேப்டாப்பை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பியது அவர்கள்தானே? அந்தக் கூரியர் ரசீது உங்கள் ரேட்டிங்கைவிடப் பெறுமானமுள்ளது. அதைப் பத்திரமாக வையுங்கள்.

வித்தியாசம் என்னவென்றால், உங்களுக்கு 1955 சட்டம் மாதிரி ஒன்றில்லை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பு முடிந்த பிறகு இருதரப்பும் ஒப்புக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். முதலாளி ஒப்புக்கொண்டால்தான் அதுவும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே இப்படிக் கோரிக்கை வைக்க ஊழியருக்குச் சட்ட உரிமை உண்டு. முதலாளி மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குவதே பெரிய காரியம்.

பேராசையா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் அலுவலகம் இனி எதற்கு என்றீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. பதின்மூன்று வருடத்தில் முதல் ஏழு வருடம் நீங்கள் அலுவலகத்தில் இருந்தவர். ஒரு கோளாறை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது, கோபமாக இருக்கும் கிளையன்டிடம் எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒருவரிடம்தான் கற்றிருப்பீர்கள். எனக்கு ஒரு கோப்பை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தத் துண்டுக்காரர்தான், நம்ப மாட்டீர்கள். இருக்கிற ஒரு மணி நேரத்தில் அப்படிச் சொல்லிக்கொடுப்பார். 2021இல் கல்லூரி முடித்து, திரை வழியாகவே வேலையில் சேர்ந்த பையனுக்கு அந்தப் பக்கத்து சீட்டு கிடைக்கவில்லை. உங்களுக்கு அலுவலகம் தேவையில்லாமல் இருக்கலாம். அவனுக்கு அலுவலகத்தில் நீங்கள் தேவை. இதை நிர்வாகம் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் மாதத்தில் சில நாள் சந்தோஷமாகவே வந்திருப்பார்கள்.

வீட்டுக்கும் சென்னை ஓஎம்ஆர் சாலை அலுவலகத்துக்கும் நடுவில் வேறு வழியே இல்லை என்றும் இல்லை. உங்களுக்கு அதிகத் தூரமில்லாத, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. அதை வீட்டிலிருந்து வேலை என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது கிராமத்துக்கு வந்த அலுவலகம். தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறந்தார்கள், விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் அதற்கு முன்பே. உங்கள் கம்பெனி நாளையே அங்கே இடம் எடுக்கும் என்று சொல்லவில்லை. தெற்கிலிருந்து எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் அது வேறு பேச்சு.

தனியாக நீங்கள் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். உற்பத்தி பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எந்த மீட்டிங்கில் என்ன சொல்லப்பட்டது, அதை நம்பி என்னென்ன செய்தீர்கள், அவர்களுக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை இணையுங்கள். காலாண்டுக்கு இரண்டு வாரம் சென்னை வந்து புதியவர்களோடு உட்காருகிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். முடியாது என்றால் வீடு மாற்றும் செலவையும் ஒரு கல்வியாண்டு அவகாசத்தையும் கேளுங்கள். மரத்துக்கு இவ்வளவு என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? அதோடு வேறு வேலையையும் சத்தமில்லாமல் தேடுங்கள். கையில் இன்னொரு ஆபர் இல்லாமல் கோபத்தில் பேப்பர் போட்டுவிடாதீர்கள். சத்தமில்லாத ஆட்குறைப்புக்கு இந்த உத்தரவு வசதியாக இருக்கிறது என்ற சந்தேகம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் மனைவியின் வேலையை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். குடும்பத்தோடு சென்னை போனால் வேலையை விடப்போவது அவர். நீங்கள் மட்டும் ஞாயிறு இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால், பள்ளிக்கும் போய், மகளையும் பார்த்து, உங்கள் அப்பாவுக்குப் பிசியோதெரபியும் செய்யப்போவது அவர்தான். அவர் என்ன சொல்கிறார்? கடிதத்தில் இல்லை. ஹெச்ஆருக்கு எழுதும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கும் இரண்டு வரி போடுங்கள்.

அன்புடன்