சாயங்காலமானால் 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்பும் அம்மாவை எப்படிச் சமாளிப்பது?

அல்சைமர் என்ற மறதி நோய் வந்த அம்மா, மதுரை செல்லூரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டே, பிறந்த ஊரான மேலூருக்குக் கிளம்புகிறார் என்கிறீர்கள். அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குவது மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. அதனால் செல்லூர் அழிந்து மேலூர் நிற்கிறது. "இதுதாம்மா உன் வீடு" என்று வாதாடினால் பதற்றம்தான் கூடும். "மேலூர்த் திண்ணை எவ்வளவு பெரிசும்மா?" என்று கேட்டுக்கொண்டே உரிக்கப் பூண்டு கொடுங்கள்.

5 மணிக்கே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். மங்கலில் நிழல்கூட ஆளாகத் தெரியும். மதியத் தூக்கம் அரை மணி போதும். 3 மணிக்கு மேல் காபி வேண்டாம். தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள், ஆனால் தனியாக உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். வளையலில் போன் நம்பர் இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் இது ரொம்ப அவசியம்.

ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அல்சைமர் மேல் பழி போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.