ஏற நல்ல கால், இறங்க நோகும் கால்: இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: வார்டில் நடந்தவர் வீட்டுக்கு வந்ததும் ஏன் நடக்கிறாரில்லை? வார்டில் இருப்பது சமதரை. நம் லயங்களுக்கு, மலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகும் வழி அப்படியா? அதனால் படியிலிருந்தே தொடங்குகிறேன்.

மிஸ், அம்மாவுக்கு 68 வயது. விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஒப்பரேஷன் செய்து எட்டு வாரம். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார். படியில் இறங்கச் சொன்னால் அழுகிறார். எப்படிப் பழக்குவது? (மஸ்கெலியா)

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே போல ஒரு பாட்டியை வார்டில் நன்றாக நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு 41 படி. எல்லாம் கருங்கல், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், பிடிக்கக் கம்பி இல்லை. வந்த அன்று இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றினார்களாம். அதன் பிறகு அவர் வாசலைத் தாண்டவே இல்லை. தொடைச் சதை கரைந்து போயிருந்தது. "உங்கள் வீட்டுக்கு எத்தனை படி?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அதைக் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

முதலில், அந்தக் காலில் முழுப் பாரம் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால், கோல் நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்கட்டும். நோகும் பக்கத்தில் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும். நோகும் காலும் கோலும் பின்னால் வரும். இறங்கும்போது கோலும் நோகும் காலும் முதலில் கீழே, நல்ல கால் கடைசியில். காரணம் எளிது. ஏறும்போது மேலே வைத்த கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது மேல் படியில் நிற்கும் கால்தான் மடங்கி உடம்பை மெல்ல இறக்குகிறது. இரண்டுமே பாரமான வேலை. அதை நல்ல கால் செய்யட்டும். துணைக்கு நிற்பவர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும்: ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால்.

முதல் நாள் ஒரே ஒரு படி. அதிலேயே ஐந்து தடவை ஏறி இறங்கட்டும். மழை நாளில் வேண்டாம். படியில் பிடித்த பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். ஒரு பக்கம் இரும்புக் குழாய் ஒன்றைக் கைப்பிடியாகப் போட முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. கோலின் அடியில் இருக்கும் இறப்பரையும் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழுவழு என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வாரம். வலது கை விழுந்துவிட்டது. இப்போது தோளில் வலி என்கிறார். சொந்தக்காரர்கள் வந்து எண்ணெய் போட்டு இழுத்து விடுகிறார்கள். செய்யலாமா? (ஹட்டன்)

இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள சதைதான். அது செயலிழந்த நிலையில் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கிறது. அதோடு நாமும் இழுத்தால், அல்லது எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால், வலி மாதக்கணக்கில் நிற்கும். அக்குளிலும் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இடுப்பைப் பிடியுங்கள். உட்காரும்போது முழங்கை முதல் விரல் வரை தலையணையில் இருக்கட்டும்.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதனால் படுக்க வைத்துவிடாதீர்கள். கட்டிலில் உட்கார்ந்து பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி எழுந்து நிற்பதுதான் அவருக்கு இப்போது மருந்து. காலை, பகல், மாலை என்று பத்துப் பத்துத் தடவை, நீங்கள் அவருடைய செயலிழந்த பக்கத்தில் நின்றுகொண்டு.

இன்னொன்று. குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உணர்வு குறைந்த பக்கத்தில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அந்தப் பக்கம் வைக்கவே வேண்டாம். மறுபடி வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மகனுக்கு ஒன்பது வயது. முழங்கை உடைந்து, பிளாஸ்டர் வெட்டி நான்கு நாள். கை நீளவில்லை. முறிவு நெரிவு பார்ப்பவரிடம் காட்டி உருவி நீட்டலாம் என்கிறார் மாமியார். (பண்டாரவளை)

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் முழங்கை மற்ற மூட்டுகளைப் போல அல்ல. அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்த்து வலுவில் நீட்டினால், சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் வாளியைத் தூக்க வைத்து நீட்டுவதும் வேண்டாம். நான்கு நாள் ஒன்றுமே இல்லை. பையன் தானாகவே மடக்கி நீட்டட்டும். சாப்பிட, சட்டை போட, தலை சீவ அந்தக் கையையே பயன்படுத்தட்டும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் தானே வந்துவிடும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

கொழுந்து பறிக்கிறேன், 44 வயது. இடுப்பு வலிக்கு ஒரு கிழமை படுக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகாமல் எப்படி? (தலவாக்கலை)

ஒரு கிழமை படுக்கை வேண்டாம், அக்கா. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பிறகு மெல்ல நடங்கள். சாதாரண இடுப்பு வலி அசைவில்தான் குறையும். கூடை நிரம்பும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே சாக்கில் கொட்டுங்கள். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள். நாள் முழுக்க முன்னால் குனிந்த முதுகுக்கு அது தேவை. சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சீனி வருத்தத்தால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் இரவில் எரிகிறது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? (இராகலை)

இல்லை ஐயா, இல்லவே இல்லை. கால் எடுத்தவர்களில் மிகப் பலருக்கு இது வரும். பாதம் போனாலும் மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நீளக் கண்ணாடியை, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கண்ணாடியில் தெரியும் காலைப் பார்த்துக்கொண்டே நல்ல பாதத்தை மெல்ல அசையுங்கள், பத்து நிமிடம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலருக்கு எரிச்சல் குறைகிறது. குறையாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது. வீட்டிலும் சொல்லுங்கள்.

எடுத்த காலின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருந்தாது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுங்கள். காயம் ஆறியதும் புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். நமக்குக் கிட்ட கண்டிப் பக்கம் திகனையில் ஒன்று இருக்கிறது, ராகமையிலும் உண்டு. போகும்போது உங்கள் வீட்டுப் படி எத்தனை என்று எண்ணிக்கொண்டு போங்கள். வலது பாதத்தை ஒவ்வோர் இரவும் வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.