தாடி ஓணானுக்குத் தினமும் மாம்பழம் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். என் 11 வயது மகன் ஒரு பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான், வளர்க்கிறான், அதற்கு 3 வயது. கடையில் மாம்பழப் பெட்டி வர ஆரம்பித்ததிலிருந்து தான் சாப்பிடும் துண்டிலேயே கொஞ்சம் அதற்கும் ஊட்டுகிறான். மாம்பழம் இல்லாத நாளில் வாழைப்பழம். இப்போது அது கீரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, மலமும் இளகிப் போகிறது. பழம் உடம்புக்கு நல்லதுதானே? எந்தப் பழம், எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: மாம்பழம் விஷமில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் தினமும் என்பதை இன்றோடு நிறுத்துங்கள். வளர்ந்த பியர்டட் டிராகனின் தட்டில் முக்கால் பங்கு கீரையும் காய்கறியும், மிச்சம் பூச்சி, பழம் வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று சின்னத் துண்டு, அவ்வளவுதான் கணக்கு. துண்டின் அளவுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு: அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதைவிடப் பெரிதாக வெட்டாதீர்கள்.

"பழம் நல்லதுதானே" என்று எல்லாரும் கேட்கிறார்கள், நமக்கு நல்லது, சரி. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பிராணி, நம் ஊர் வேலி ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தப் பொட்டல் காட்டில் மாவும் வாழையுமா காய்த்துத் தொங்குகிறது? கறையான், வண்டு, இலை, பூ, இப்படிக் கிடைத்ததைத் தின்று வாழும் உடம்பு அது. சர்க்கரை மொத்தமாகப் போய் விழுந்தால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களின் கணக்கு மாறிவிடும், கூடவே பழத்தில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்கிற இளகிய மலத்துக்கு அநேகமாக இதுதான் காரணம். பழத்தை நிறுத்தி ஒரு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் புதிய மலத்தைக் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள், இவற்றுக்குக் குடல் ஒட்டுண்ணித் தொல்லை சகஜம்.

வயிற்றைவிட நான் அதிகம் கவலைப்படுவது பல்லைப் பற்றி. இதன் முன்பற்கள் சில விழுந்து முளைக்கும், ஆனால் பக்கவாட்டுப் பற்களுக்கு நம் பல் போலக் குழியே கிடையாது, தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டிப்போய் நிற்பவை, ஒரு தரம் தேய்ந்தாலோ உடைந்தாலோ மறுபடி முளைக்காது. பழக்கூழ் அந்த இடத்தில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் இருந்தால் ஈறு சிவந்து வீங்கும், பல் ஓரத்தில் பழுப்புக் கறை படியும், முற்றினால் சீழ் தாடை எலும்புக்கே போய்விடும். என்னிடம் காட்டக் கொண்டுவந்த ஒன்றுக்கு வாயைத் திறந்ததும் கீழ்த்தாடை ஓரம் முழுக்கக் காப்பிக் கறை போல ஒரு கோடு, தினமும் வாழைப்பழம் என்றார்கள். மகனை அடுத்த தடவை அது வாயைத் திறக்கும்போது டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல் வெள்ளையாகவும் ஈறு வெளிறிய நிறத்திலும் இருந்தால் நிம்மதி.

அடுத்தது கால்சியம். சாப்பாட்டில் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு கால்சியம் இருந்தால்தான் இதற்கு ஒத்துவரும். வாழைப்பழத்தில் 100 கிராமுக்குக் கால்சியம் சுமார் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. அப்படியே தலைகீழ்! மாம்பழம் 11க்கு 14, வாழையைவிடத் தேவலை. பப்பாளியில் 20க்கு 10, அத்திப்பழத்தில் 35க்கு 14, அதனால் பழம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் என் ஓட்டு இந்த இரண்டுக்கும்தான். முள்ளை நன்றாக நீக்கிய சப்பாத்திக்கள்ளிப் பழம் கிடைத்தால் அதுவும் நல்லது. கால்சியம் போதாமல் போனால் உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும், கடைசியில் தாடை ரப்பர் போல வளையும், கால் நடுங்கும். தரமான கால்சியம் பொடியும் வேலை செய்கிற யூவிபி விளக்கும் (உடம்பு கால்சியத்தை உறிஞ்ச உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு) இருந்தால் ஆபத்து குறையும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் காலப்போக்கில் சக்தி குறைந்துவிடும், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதது அவகாடோ, அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பல பிராணிகளுக்கு நஞ்சு. ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி புளிப்பால் வயிற்றைக் கெடுக்கும், ஸ்டார் ஃப்ரூட்டில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஆக்சாலிக் அமிலம் அதிகம். உலர்ந்த திராட்சை, பேரீச்சை வேண்டாம், பல்லில் பசை மாதிரி ஒட்டும். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிடுங்கள்.

சரி, கீரைக்குத் திரும்ப எப்படி அழைத்து வருவது? இனிப்பு காட்டிய குழந்தை சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்குமே, அதே கதைதான். இரண்டு மூன்று வாரம் பழமே கண்ணில் படக்கூடாது, பூச்சியையும் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள். காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு சூடேறிய பிறகு, தட்டை வையுங்கள். விளக்கடியில் அது வெயில் காயும் கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டால் பசியும் எடுக்காது, தின்றதும் செரிக்காது. ராக்கெட் கீரை, வாட்டர்கிரெஸ் கீரை, டேன்டிலியன் இலை, கொத்தமல்லி இதெல்லாம் உங்கள் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், தமிழ்க் கடையில் முருங்கைக்கீரை கண்ணில் பட்டால் ஒரு கைப்பிடி உருவிப் போடுங்கள். ஸ்பினாச் தினமும் வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, மேலே மஞ்சள் பூசணியைத் துருவித் தூவுங்கள், நிறத்தைப் பார்த்தே கிட்ட வரும். அப்படியும் வரவில்லையா, உயிருள்ள புழு ஒன்றைக் கீரைக்கு நடுவே விடுங்கள். புழுவைக் கவ்வும்போது நாலு இலையும் சேர்ந்து வாய்க்குள் போகும், அப்புறம் வழிக்கு வந்துவிடும்.

முதல் சில நாள் ஒன்றும் தொடாமல் முறைத்துக்கொண்டு இருக்கலாம். ஆரோக்கியமான வளர்ந்த பிராணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நீங்கள்தான் மனசு இளகிவிடக் கூடாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். 400 கிராம் இருந்தது 360க்கு இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, மகன் தான் கடித்த துண்டையே அதற்கும் ஊட்டுவது வேண்டவே வேண்டாம். பார்க்க நோஞ்சானாக இல்லாத ஊர்வனகூட சால்மொனெல்லாக் கிருமியைச் சுமந்திருக்கும், அது நக்கிய துண்டு திரும்பப் பையன் வாய்க்குப் போனால் அவனுக்குத்தான் வயிற்றுப்போக்கு. மூன்று வாரம் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் என்று அவனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், தனியாக வெட்டிய இரண்டு துண்டு, மழுங்கிய முனை இடுக்கியால் நீட்டட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மாம்பழ வாசனை ஒட்டிய விரலை நீட்டினால் பழம் எது விரல் எது என்று அதற்குத் தெரியாது. என் ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் தழும்பு இருக்கிறது.