தண்ணீர் மூன்று நாள் நின்றால் கிருமி செத்துவிடுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். தண்ணீர் வெட்டுக்குப் பயந்து பீப்பாயில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்போம். மூன்று நாள் அசையாமல் நின்றால் கிருமி பட்டினியில் செத்துவிடும், கொதிக்க வைக்கத் தேவையில்லை என்கிறார் கணவர். மகனுக்குப் போன மாதம் வயிற்றோட்டம். மாமிக்கு நீரிழிவு. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எனக்குப் பயமே அந்தக் கொஞ்சத்தால்தான். குடலில் வாழ்ந்து பழகிய கிருமிகளுக்குத் தண்ணீரில் சாப்பாடு போதாது. நாளாக ஆக எண்ணிக்கை குறையும். ஆனால் முழுதாக ஒழிய மூன்று நாள் போதாது. நெருப்புக் காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். வயிற்றுளைவு தரும் சிகெல்லா கிருமியோ நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே படுக்க வைத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் இவை இன்னும் அதிக நாள் தாங்கும். ஆகவே ஃபிரிட்ஜில் வைத்த போத்தலையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. குழாய்த் தண்ணீரில் நமக்குக் காவல் குளோரின்தான். நிற்க வைத்தால் கிருமி போகிறதோ இல்லையோ, குளோரின் போய்விடும். அதன்பிறகு கோப்பையோடு உள்ளே போகும் விரலில் என்ன இருந்தாலும் தடுக்க ஆளில்லை. பீப்பாயின் உட்சுவரை ஒருமுறை தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு பிசுக்கு கையில் வரும். அது கிருமிகள் கூடிக் கட்டிய வீடு.

மாமிக்காக ஒன்று சொல்ல வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயைத் தரும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி நம் நாட்டிலும் உண்டு. நீரிழிவுக்காரரைத்தான் அதிகம் தாக்கும். தாய்லாந்து ஆய்வுகூடமொன்றில் அது வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. மூன்று நாள் அதற்கு எம்மாத்திரம்? குளோரின் போட்ட தண்ணீரால் வரும் ஆபத்து குறைவு, பதற வேண்டாம். ஆனால் மாமிக்குக் காய்ச்சல் சில நாளில் விடாவிட்டால், நீரிழிவு இருப்பதைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். குடிக்கிற தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். அதே பாத்திரத்தில் மூடியபடி ஆறவிட்டு, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி, அன்றன்றே குடித்து முடியுங்கள். பீப்பாய்த் தண்ணீர் குளிக்க, கழுவ இருக்கட்டும். காலியாகும்போதெல்லாம் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மகனுக்கு மறுபடி வயிற்றோட்டம் வந்தால் உடனே ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புத் தடுப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.