புபுசா கடையில் சைவர்கள் கேட்டு வாங்க வேண்டியது என்ன?

கேள்வி: மேரிலாந்தில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன எல் சால்வடோர் உணவகம் இருக்கிறது. நான் சைவம். கணவர் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவார். எதை வாங்கலாம்?

பதில்: புபுசாவை வாங்குங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து, போளி போலக் கையால் தட்டி, கல்லில் சுடுவது அது. உங்களுக்கு ஏற்றது 'கேசோ கோன் லோரோகோ': சீஸோடு லோரோகோ என்ற கொடியின் பூமொட்டு. கணவருக்கு 'ரெவுவெல்தா': பன்றி இறைச்சி, பீன்ஸ், சீஸ் மூன்றும் கலந்தது. இதில் இறைச்சியை விழுதாக அரைத்துச் சேர்ப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டு மாறி வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

சிக்கல் பீன்ஸில் இருக்கிறது. பல சமையலறைகளில் அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ஸ்பானிஷில் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான். கொழுப்பும் சாறும் கணக்கில் வராது. 'மாந்தேகா தே செர்தோ' (பன்றிக் கொழுப்பு), 'கால்தோ தே போயோ' (கோழிச்சாறு) என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெறும் மாந்தேகா என்றால் வனஸ்பதியையும் குறிக்கலாம். எல்லா புபுசாவும் ஒரே கல்லில்தான் வேகும். அது ஒப்பாது என்றால் இந்தக் கடை உங்களுக்குச் சரிப்படாது. வாழைப்பழ வறுவலும் இறைச்சிப் பண்டங்கள் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம்.

ஆர்டர் கொடுத்த பிறகுதான் தட்டுவார்கள் என்பதால் கால் மணி நேரமாவது ஆகும். ஆளுக்கு 2 சொல்லி, பிறகு வேண்டுமானால் இன்னொன்று கேளுங்கள். ஆறினால் மாவு விறைக்கும், சீஸ் ரப்பராகும். எல் சால்வடோரின் ஓலோகுயில்தா ஊருக்குப் பேர்போன அரிசிமாவு புபுசா மொறுமொறுவென்று வரும். அதையும் சுடச்சுடவே சாப்பிட வேண்டும். ஓரத்தில் சீஸ் வழிந்து கருகியிருந்தால் குறையல்ல, அதுதான் ருசி.

கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். மேலே 'குர்தீதோ' வையுங்கள்: முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஓரேகானோ போட்டு வினிகரில் ஊறவைத்தது. பொது ஜாடியாக இருந்தால் இடுக்கியால் தட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கை போடக்கூடாது. தக்காளி சல்சா நமக்குச் சப்பென்றிருக்கும். 'சீலே' (மிளகாய்) கேட்டுப் பாருங்கள். மோரோ என்ற மரத்துக் காயின் விதையில் செய்யும் ஓர்சாத்தா பானத்தில் சில இடங்களில் வேர்க்கடலையும் எள்ளும் சேரும். ஒவ்வாமை உள்ளவர்கள் விசாரித்துவிட்டே குடிக்கவும்.

பார்சல் வாங்கினால் குர்தீதோ தனியாக இருக்கட்டும். ஃபாயிலை உடனே திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஆவியில் நமுத்துவிடும். மீதியை மைக்ரோவேவில் வைக்காமல், எண்ணெய் விடாத தோசைக்கல்லில் குறைந்த தீயில் பக்கத்துக்கு 3, 4 நிமிடம் சூடாக்குங்கள்.