வீட்டு மின்பயன்பாட்டை அளக்கும் எனர்ஜி மானிட்டரின் ஆப் ஒவ்வொரு மணி நேரத்துக்கான கணக்கை மட்டுமே காட்டுகிறது. நொடிவாரியான தரவை எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கருவி உள்ளுக்குள் மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை அளக்கிறது. சர்வரில் சேமிக்கும்போதுதான் சராசரியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதனால் ஆப்போடு மல்லுக்கட்டாமல், வீட்டு வைஃபையிலேயே கருவியிடம் நேரடியாகக் கேளுங்கள். செட்டிங்ஸில் எம்க்யூடிடி (கருவிகள் தரவை அனுப்பும் ஒரு முறை) அல்லது லோக்கல் ஏபிஐ (வீட்டு நெட்வொர்க்கிலேயே தரவைக் கேட்டு வாங்கும் வழி) இருக்கிறதா என்று பாருங்கள். ஷெல்லி இஎம் போன்ற மானிட்டர்களில் இரண்டும் உண்டு. அதை ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளை இணைக்கும் மென்பொருளில் இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று: ஹோம் அசிஸ்டன்ட் நுணுக்கமான பதிவுகளை இயல்பாக 10 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் மணிநேரச் சுருக்கம்தான் மிஞ்சும். நீண்ட காலம் வேண்டுமென்றால் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கருவி எதற்கும் மசியவில்லையா? சரி, மின் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். மீட்டரில் 1000 இம்ப்/கிலோவாட் மணி (ஒரு யூனிட்டுக்கு 1000 சிமிட்டல்) என்று இருந்தால், ஒரு சிமிட்டல் 1 வாட் மணி. இரண்டு சிமிட்டலுக்கு இடையே 3.6 நொடி என்றால் சுமை 1000 வாட். ஒளி உணரி ஒன்றும் ஈஎஸ்பி32 என்ற சிறிய வைஃபை சிப் போர்டு ஒன்றும் போதும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். மின்பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மானிட்டர் காட்டும் எண்கள் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால், கம்பியைச் சுற்றி மாட்டும் அதன் கிளாம்ப் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். ஒரே ஒரு கம்பியைத்தான் சுற்ற வேண்டும். அதை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்.